ஸ்டூலை எடுத்த புண்ணியவானுக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் ஏசி சலூனை நடத்திவரும் மேன்மைமிகு நிர்வாகத்துக்கு, நின்றபடியே எழுதிய விண்ணப்பம்.

போன ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கம் டவல் துவைக்கிற இடத்தில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலையும் தூக்கிவிட்டீர்கள். ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது: டியூட்டி நேரத்தில் உட்கார்ந்தால் தடவைக்கு 200 ரூபாய் ஃபைன். சாட்சிக்கு சிசிடிவி படம் வேறு. த்ரெடிங் போடும் அக்கா, வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு, மடியில் சோற்று டப்பாவோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாம் எங்கள் ஆத்ம லாபத்துக்காகத்தான் என்பது பிறகுதான் உறைத்தது. ஊர் அப்படிப்பட்ட ஊர். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒருவன் கைகளைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறான். (அவன் அர்ச்சுனன் இல்லை, பகீரதன் என்பாரும் உண்டு. யாராயிருந்தாலும் கால் வலித்திருக்கும்.) ஆயிரத்து முந்நூறு வருடமாக அவன் உட்காரவில்லை. நீங்கள் கேட்பதோ தினம் பதினோரு மணி நேரம்தான், அதுவும் இரண்டு காலில். அந்தத் தவத்தைக் கலைக்க வந்த மேனகை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் என்று கண்டுகொண்ட ஞானி நீங்கள்!

தவத்துக்கு வேண்டிய மற்றதற்கும் குறை வைக்கவில்லை. ரிசார்ட் கல்யாணமா, விடிகாலை மூன்று மணிக்கு மணப்பெண் அலங்காரம், பத்து மணிக்குக் கடையில் ஆஜர், உறக்கம் துறந்தோம். சனி, ஞாயிறில் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, ஊண் துறந்தோம். முடிதிருத்தும் கடைக்குச் செவ்வாய் லீவு என்பது பாட்டன் காலத்து வழக்கம், அதையும் துறந்தாயிற்று. ஸ்மூத்னிங் புகையில் கண் எரிந்தால் ஓமப்புகை என்று நினைத்துக்கொள்கிறோம். சம்பளம் 12,000, அது வருவது பதினைந்தாம் தேதிக்கு மேல். இன்சென்டிவ் என்ற வரம் கிட்டுகிற மாதத்தில் டார்கெட்டை ஏற்றிவிடுகிறீர்கள்.

இடையூறு செய்வது சட்டம்தான். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமையை வாங்கினார்கள். 2021இல் நம் சட்டமன்றமும் 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ பிரிவைச் சேர்த்து, வேலைக்கு நடுவே வாய்த்தபோது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை போடச் சொன்னது. எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் செய்தால் இரட்டைக் கூலி என்பதும் அதே சட்டம்தான். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரச் சொல்கிறது. மாத அபராதம் சம்பளத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. 12,000க்கு 360 ரூபாய். ஆக, மாதத்தில் இரண்டாம் தடவை நாங்கள் உட்கார்ந்து நீங்கள் ஃபைன் போட்டால், குற்றவாளி நீங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சலூனுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. ஷாம்பூ, சாயம் வாங்கிய வரியைக் கழிக்க முடியவில்லை என்று புலம்புகிறீர்கள், சரி. வாடிக்கையாளர் பில் குறையவில்லை, எங்கள் சம்பளமும் ஏறவில்லை. மிச்சம் எந்த ஆசிரமத்துக்குப் போகிறது?

அந்த த்ரெடிங் அக்கா பிள்ளைத்தாய்ச்சி ஐயா. கால் வீங்கிப்போய், நாலு வாய் சாப்பிட உட்கார்ந்தார். அதைப் படம் பிடித்து, கடையில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கப் போட்டீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒருவன் இப்படிச் செய்தால் சும்மா விடுவீர்களா?

பொறுத்தருள வேண்டும். தவசிக்குக் கோபம் ஆகாது. தங்கள் கருணையில் குறையே இல்லை. அந்தப் பாறையிலேயே கீழே ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் செய்கிறது, பக்கத்தில் எலிகள். கைடுகள் அதைக் காட்டாமல் விடுவதில்லை. தங்களை மனதில் வைத்துச் சொல்லவில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டிப்ஸைப் பில்லோடு சேர்த்துக் கார்டிலோ ஜிபேயிலோ கட்டாதீர்கள். அப்படிக் கட்டிய பணம் இதுவரை எங்களிடம் வந்ததில்லை. முடி வெட்டியவர் கையிலேயே கொடுங்கள்.