காசு கட்டிக் கடலில் முங்கிய கதை

மாதா துணை

டொராண்டோ
மார்ச் 2

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவுக்கு முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது?

போனில் நான் விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் பெரியம்மா பதறி ஓடிவந்தது இங்கே கேட்டது. "முங்கினால் காசு தருவான், முங்குவதற்கு எவனாவது காசு கேட்பானா?" என்றீர்கள். கேட்கிறான் பெரியப்பா. கடலுக்குத் தனி, பூங்காவுக்குத் தனி, டிப்ஸுக்குத் தனி என்று கேட்கிறான். விவரமாக எழுதுகிறேன்.

பனிமய மாதா கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவன் என்று பேர்தான். பனியை நான் கண்ணால் பார்த்தது இந்த ஊரில். பிப்ரவரியில் மைனஸ் 15 சர்வசாதாரணம். அந்த மாதத்தில் கனடாக்காரன் கையில் நாலு காசு இருந்தால் க்யூபா, டொமினிக்கன், மெக்சிகோ என்று தெற்கே ஓடிவிடுவான். விமானம், அறை, சாப்பாடு, குடி எல்லாவற்றுக்கும் ஒரே தொகை. இதற்கு ஆல் இன்க்ளூசிவ் என்று பெயர். நாங்கள் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குப் போனோம். கரீபியன் கடலில், யுகடான் கரைக்கு எதிரே இருக்கிறது. எதிர்க்கரையிலிருந்து ஃபெரியிலும் வரலாம், முக்கால் மணி நேரம்.

போய் இறங்கியதும் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டுகிறார்கள். கத்தரித்தால்தான் கழலும். அதற்குப் பிறகு பர்ஸுக்கு வேலையில்லை. எந்நேரமும் பந்தி. மொய் எழுத வேண்டாத கல்யாண வீடு என்று மைத்துனன் முதல் வேளையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். புளித்தண்ணீரைச் சீனி போட்டுக் குடிக்கிறார்கள். மாங்காய்க் கீற்றில் எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார்கள். உங்கள் மருமகள் அதைப் பார்த்ததும் மெக்சிகோக்காரர்கள் எல்லோரையும் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டாள். அங்கே ஹபனேரோ என்று ஒரு மிளகாய், குட்டைக் குடமிளகாய் மாதிரி அப்பாவியாக இருக்கும். பரிமாறுகிறவர் வந்து எச்சரித்தார். "நாங்கள் தூத்துக்குடி" என்று சொல்லிவிட்டு மைத்துனன் ஒன்றை முழுதாகக் கடித்தான். அப்புறம் வெகுநேரம் அவன் ஊர்ப்பெருமை எதுவும் பேசவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இனி முங்கிய கதை. நீச்சல்குளத்தில் ஸ்கூபா பாடம் இலவசம். அதுதான் தூண்டில். குளத்தில் மூச்சு விடப் பழகியவனிடம் "கடல் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். அங்கேதான் பட்டை செல்லாது.

முதலில் ஒரு படிவம் நீட்டுகிறார்கள். ஆஸ்துமா உண்டா, நெஞ்சுவலி உண்டா, காதில் ஆபரேஷன் உண்டா என்று கேள்விமேல் கேள்வி. ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், நமக்கு என்ன ஆனாலும் அவர்கள் பொறுப்பில்லை என்று கையெழுத்து. படகேற நீங்கள் எப்போதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?

சொல்லிக்கொடுத்தது என் தோளுயரமே இருந்த ஒரு மெக்சிகோப் பெண். அலுமினியச் சிலிண்டர் ஏறத்தாழ 15 கிலோ. ஒரு கையால் தூக்கி என் முதுகில் மாட்டினாள். அதில் இருப்பது ஆக்சிஜன் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை, நாம் மூச்சுவிடும் இதே காற்றைத்தான் 200 மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். இடுப்பில் ஈயக்கட்டி. முகத்தில் மாஸ்க். அதன் கண்ணாடியில் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்தால் ஆவி படியாது என்றாள். இத்தனை டாலர் கட்டியும் எச்சில்தான்.

பிரச்சினை என் மீசையில் வந்தது. நீங்கள் நறுக்கச் சொல்லியும் நறுக்காத அதே மீசை. மாஸ்க்கின் ரப்பர் மேலுதட்டில் ஒட்டி உட்கார்ந்தால்தான் தண்ணீர் புகாதாம். "ஒன்று மழிக்க வேண்டும், இல்லையென்றால் வாஸ்லின்" என்றாள். வாஸ்லின் போட்டேன். முறுக்கி விட்ட மாதிரி பளபளவென்று நின்றது. உங்கள் மருமகள் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

அடுத்து அவள் சொன்ன சட்டத்தைக் கேட்டால் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள். மூச்சை அடக்கவே கூடாது! மூச்சை அடக்கித்தானே நம் வீட்டில் உலை கொதித்தது? 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் தாத்தாவும், பிறகு சங்குக்கு நீங்களும் அடக்கிய மூச்சுக்குக் கணக்குண்டா? ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் மேலே இழுத்த மூச்சு ஆழத்தில் சுருங்கும், ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பும், அவ்வளவுதான். சிலிண்டர்காரன் ஆழத்திலேயே மூச்சு இழுக்கிறான். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய நெஞ்சோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் காற்று இரண்டு பங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அதனால் பேசாமல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். அது மட்டும் நம் ஊர் வித்தையேதான்.

கடலுக்குப் போக இரண்டு நாள் காத்திருந்தோம். வாடை அடித்தது. அவர்கள் நோர்தே என்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தால் எந்தக் கடலிலும் அதே குணம்தான். துறைமுக அதிகாரி சின்னப் படகுகள் போகக்கூடாது என்று மூடிவிட்டார். படகோட்டும் தண்டல் என்று யாரும் வானத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

மூன்றாம் நாள் பலன்கார் என்ற பவளப் பாருக்குப் போனோம். அந்தக் கடலில் நீவாடு நல்ல இழுப்பு. நீந்த வேண்டியதே இல்லை. அதுவே தள்ளிக்கொண்டு போகிறது. மேலே படகு நம் குமிழியைப் பார்த்துப் பின்தொடர்ந்து வந்து எங்கே முளைக்கிறோமோ அங்கே தூக்கிக்கொள்கிறது. தண்ணீர் எப்படி என்றால், கீழே பார் முழுக்கத் தெரிகிறது. நம் கடலில் மழைக்குப் பிறகு கலங்கிக் கிடக்குமே, அந்தப் பேச்சே இல்லை.

எட்டு மீட்டர் இறங்கியிருப்போம். ஆமை ஒன்று எங்களைச் சட்டைசெய்யாமல் கடந்துபோனது. மைத்துனன் மகிழ்ந்து போய் அந்தப் பெண்ணிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். தண்ணீருக்குள் அதற்கு "மேலே போகலாம்" என்று அர்த்தம். குளத்தில் படித்துப் படித்துச் சொன்னாள். நன்றாயிருக்கிறது என்றால் விரலை வளையமாக்கிக் காட்ட வேண்டும். அவள் பதறி அவனைக் கைபிடித்து மெல்ல மேலே கொண்டுவந்தாள், கூடவே நாங்களும். மேலே வந்து "என்ன ஆயிற்று?" என்றால், "ஆமை சூப்பர்" என்கிறான்! திரும்ப இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய ஏஞ்சல் மீன். மறுபடி கட்டைவிரல். இந்த முறை அவள் அவன் விரலைப் பிடித்து மடக்கி உள்ளே வைத்துவிட்டாள்.

அங்கே பாறை இடுக்கில் ஒரு மீன். முகமெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு, துடுப்பு ஓரத்தில் மஞ்சள், தாடையில் மீசை. பெரும்பாலும் அந்தத் தீவைச் சுற்றித்தான் அது இருக்கிறதாம். தவளை மாதிரி கத்துமாம். மாஸ்க் இல்லாத மீசைக்காரனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

சுறா உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மணலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முன்னொரு காலத்தில் நம் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இங்கே சுறாவைக் காட்டினால்தான் பங்கு. டிப்ஸ் இருபதில் ஒரு பங்கைவிட அதிகம்.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் பார்த்தேன். லயன் ஃபிஷ். உடம்பெல்லாம் விசிறி விசிறியாக விஷமுள். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்துப் பிறப்பு. அட்லாண்டிக்கில் முதலில் 1985-ல் ஃபுளோரிடா அருகே தென்பட்டது. வளர்த்தவர்கள் கடலில் விட்டிருப்பார்கள் என்கிறார்கள். வந்த இடத்தில் எதிரி கிடையாது, கிடைத்ததெல்லாம் தின்று, பிள்ளைகுட்டி பெருத்து, கரீபியன் முழுக்கக் குடியேறிவிட்டது. எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம்தான். ஆனால் பூங்காக்காரர்கள் ஈட்டியால் குத்திச் சாப்பாட்டு மேசைக்கு அனுப்புகிறார்கள். விசா இல்லாதவன் கதி அதுதான். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். ருசி.

கடைசியாகச் சங்கு. மணல்திட்டில் ஒரு சாணுக்கு மேலே, ராணிச்சங்கு என்கிற இனம். பாசி படிந்து, காம்பில் இரண்டு கண்ணை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கை நானில்லாமலே இடுப்புக்குப் போய் வலைப்பையைத் தேடியது. அந்தப் பெண் ஆள்காட்டி விரலை என் கண்ணாடிக்கு முன்னால் ஆட்டினாள். அந்தப் பார்ப் பகுதி 1996 முதல் தேசியப் பூங்கா. சங்கு எடுக்கக்கூடாது, பவளத்தைத் தொடக்கூடாது, கையுறைகூடப் போடக்கூடாது. போட்டால் தொட ஆசை வருமாம். சன்ஸ்கிரீன் தடவி இறங்கவும் தடை. மன்னார் வளைகுடாவிலும் 21 தீவைப் பூங்காவாக அறிவித்தபோது நீங்கள் கோபப்பட்டது ஞாபகம் வந்தது. அங்கே தடுத்தது தொழிலை. இங்கே தடுத்தது என் சபலத்தைத்தான்.

வலம்புரியா இடம்புரியா என்று கேட்காதீர்கள். குப்புறக் கிடந்தது. புரட்டிப் பார்க்க விடவில்லை.

முங்கி முடித்தால் உடனே விமானம் ஏறவும் கூடாது. இரத்தத்தில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும், 18 மணி நேரமாவது தரையில் இருங்கள் என்றார்கள். அந்தப் பதினெட்டு மணி நேரத்தையும் மைத்துனன் பந்தியிலேயே கழித்தான்.

தொகை கேட்டீர்களே. தண்ணீருக்குள் இருந்தது முக்கால் மணி நேரம்; ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆயிற்று. ரூபாயில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் பெரியம்மா பக்கத்தில் இல்லாதபோது பெருக்குங்கள். கேட்டால் கம்பெனி கட்டியது என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்