பாஸ் அண்ணையின் கைவண்ணம்

கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டைப் பார்த்து வாய்பிளக்கிறவர்கள் ஒருக்கால் எங்கள் வீட்டுக் கக்கூசுத் தரையையும் வந்து பார்க்கவேணும். மாடிப்படிக்குக் கீழே, 3 அடி அகலம், நாலரை அடி நீளம். அதற்குள் எங்கள் மேசன் பாஸ் அண்ணை வெட்டிய வெட்டுக்கு முன்னால் பத்துத்தலையான் வெறும் கையாள்.

கொமட் வாங்கப் போன இடத்தில் கடைப் பொடியன் சும்மா இராமல், "எஸ் ட்ராப்போ, பீ ட்ராப்போ அண்ணை?" என்றான். எஸ் என்றால் கழிவு தரைக்குள் இறங்கும். பூச்சும் டைலும் முடிந்த சுவரிலிருந்து ஓட்டையின் நடு எத்தனை அங்குலத்தில் வரவேணும் என்று கொமட்டுக்குக் கொமட் ஒரு கணக்கு. பீ என்றால் (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்) பின்பக்கத்தால் வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விடும், தரையை உடைக்கத் தேவையில்லை, ஒடுங்கின இடத்துக்குத் தோது. அண்ணை ஒரே வசனத்தில் அவனை அடக்கினார்: "எல்லாம் ஒண்டுதான் தம்பி." சங்கரருக்கும் அத்வைதம் இவ்வளவு லேசாகக் கைகூடியிராது.

12 அங்குலத்தில் வரவேண்டிய ஓட்டை, அத்திவாரம் குறுக்கிட்டதால் 18இல் வந்தது. தொட்டிக்குப் பின்னால் பல்லி குடும்பம் நடத்த 6 அங்குலக் காணி. இருக்கிறவரின் முழங்கால் கதவை முட்டிக்கொண்டு நிற்பதால் கொண்டிச் செலவும் மிச்சம்.

உண்மையான கலை தரைக்கு அடியில். குழாயைத் திருப்ப 45 பாகை பென்ட் இரண்டு போட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். போகிறதை மறித்து நாலு வார்த்தை விசாரிக்க வேண்டாமா? 90 பாகைக் குட்டை எல்போ இரண்டை அடுத்தடுத்து ஒட்டினார். 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு வை என்பது ஊர் வழக்கம். அண்ணையோ மட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை ஓயவில்லை. அப்படியொரு நேர்மை! காற்றுக்குழாய் வீண் செலவு என்று விட்டுவிட்டார். 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக்காரர் வளைகுழாயில் தண்ணீரை நிறுத்தி, நாற்றத்தை மறியலில் போட்டுக் காப்புரிமையும் வாங்கினார். இங்கே வாளி ஊற்ற ஊற்ற அந்தத் தண்ணீர் 'களக்' என்று உறிஞ்சுபட, நாற்றத்தை அண்ணை பிணையில் எடுத்துவிட்டார்.

கார்த்திகை மாரிக்கு நிலத்தடித் தண்ணீர் ஏறிக் குழி நிரம்பியது. அனுப்பி வைத்ததெல்லாம் திரும்பி வந்து நங்கூரம் போட்டது. ஊருக்கு ஓர் இயற்கைத் துறைமுகம் போதுமென்று கடவுளே விட்ட இடத்தில், வீட்டுக்கு ஒன்று தந்தவர் அண்ணை.

பக்கத்து வளவு மாமியும் ஒரு கக்கூசு கட்டப் போகிறாவாம், நல்ல ஆளாகச் சொல்லட்டாம். அண்ணையின் நம்பரை உடனே எழுதிக் கொடுத்தேன். மாமியோடு எங்களுக்கு ஒன்பது வருசமாக வேலி வழக்கு.