ஜெனிங்ஸ் துரையின் வேலி

பிரிட்டிஷ் அரசியலைக் கரைத்துக் குடித்து, 1936இல் மந்திரிசபை ஆட்சியைப் பற்றிப் பிரசித்தமான நூலொன்றை எழுதிய ஐவர் ஜெனிங்ஸ் துரையவர்கள், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராகி, அப்பதவியில் வீற்றிருந்துகொண்டே, சிங்களத் தலைவர் டீ. எஸ். சேனநாயக்காவுக்கு இலங்கையின் புதிய அரசியல் யாப்பு விஷயத்தில் அந்தரங்க ஆலோசகராகவும் விளங்கினார். சட்டசபையில் பாதி இடம் சிறுபான்மையோருக்கு வேண்டுமென்று ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட பருத்தித்துறைப் பிரதிநிதி ஜி. ஜி. பொன்னம்பலத்தின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சிறுபான்மையோருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுக்க அந்த யாப்பில் 29ஆம் பிரிவென்றொரு வேலி மாத்திரம் போடப்பட்டது. எல்லை வழக்குகளில் பரம்பரை ஞானம் வாய்ந்த நெல்லியடி ஊராரிடம் கேட்டிருந்தால், கதியால் நடாமல் காகிதத்தில் அடைத்த வேலியின் பலத்தைச் சந்தியிலே பிளேன்டீ ஆறுமுன் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களிடம் லண்டன் பட்டம் இல்லையே! 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. அதில் குற்றமில்லையென்று 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பளித்தது. 1972இல் புதிய யாப்பு வந்தபோது அந்த வேலியும் பிடுங்கப்பட்டது.