ஆவடிச் சாலைகளில் சைக்கிள் டயர்த் தேர்வு: பரபக்கமும் சுபக்கமும்

கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த காலந்தொட்டு, ஆவடி டயரே இல்லாத வாகனங்களுக்குப் பேர்போன ஊராக விளங்கி வருகிறது. இரும்புச் சங்கிலிப் பட்டைமேல் ஊர்ந்து செல்லும் அவ்வாகனங்களுக்குப் பஞ்சர் ஆகும் பேச்சே இல்லையாதலால், டயர் குறித்த நுண்ணறிவு இங்கே ஏட்டில் ஏறாமல், பஞ்சர் கடைகளின் தண்ணீர்த் தொட்டியோரம் வாய்மொழியாகவே வளர்ந்து வந்திருக்கிறது. அக்குறையை ஓரளவேனும் போக்க முனைவதே இவ்வாய்வு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வாகனம் ரோடு பைக். அதாவது, கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும் ஒல்லியான சக்கரங்களும் உடையதாய், மட்கார்டும் கேரியரும் ஸ்டாண்டும் இல்லாததாய், விலையைக் கேட்ட வீட்டுப் பெரியவர்கள் 'இந்தக் காசுக்கு மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாமே' என்று கூறுதற்கு இடமளிப்பதாய் உள்ள சைக்கிள்.

இவ்வாகனம் டாங்கியைக் காட்டிலும் மென்மையானது என்னும் பொதுநம்பிக்கையை முதற்கண் களைதல் வேண்டும். ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கி ஏறக்குறைய 58 டன் எடையுள்ளதாயினும், அந்த எடை அகன்ற சங்கிலிப் பட்டைகளில் பரவிவிடுவதால், தரையின் ஒரு சதுர சென்டிமீட்டர்மீது அது செலுத்தும் அழுத்தம் சுமார் 0.84 கிலோ மட்டுமே. 80 பவுண்டு காற்று அடைத்த சைக்கிள் டயரோ அதே பரப்பில் ஏறக்குறைய 5.6 கிலோ அழுத்துகிறது. ஆகவே, ஆவடிச் சாலையை டாங்கியைவிட ஆறு மடங்குக்குமேல் அழுத்துபவர் சைக்கிளோட்டியே ஆவார். சாலைகளின் இன்றைய நிலைக்கு யார் காரணம் என்னும் வினாவை இவ்வாய்வு நாகரிகம் கருதித் தவிர்க்கிறது. ஓட்டியும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனக் கொண்டு, அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரத்தில் இறங்குவதாகக் கணக்கிட்டால், அச்சக்கரம் தரையைத் தொடும் பரப்பு இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களின் பரப்பைச் சற்றே விஞ்சும். பிடிமானம், உழைப்பு என்று பேசப்படுவனவெல்லாம் இந்த இரண்டு ரூபாய்க்குள் அடங்குகின்றன.

இனி டயரின் பகைகளைக் காண்போம். அருகிலுள்ள திருமுல்லைவாயிலின் தலபுராணம், தொண்டைமான் ஏறிவந்த யானையின் கால்களை முல்லைக்கொடிகள் பற்றிக்கொண்டதாகக் கூறும். இவ்வட்டாரத்தில் தாவரத்தால் போக்குவரத்து தடைப்பட்ட மிகப் பழைய செய்தியாக அதைக் கொள்ளலாம். இன்று முல்லையின் இடத்தைச் சீமைக் கருவேல முள் பிடித்திருக்கிறது. ஆயினும் முள்ளைவிடக் கொடியது கம்பி. லாரிகளின் ரேடியல் டயர்களுக்குள் எஃகு இழைகள் பின்னப்பட்டுள்ளன. அத்தகைய டயர் வெடித்துச் சிதறும்போது மயிரிழை போன்ற கம்பித் துண்டுகள் சாலையோரம் தங்கிவிடுகின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை நீளும் வெளிவட்டச் சாலையில் துறைமுகங்களை நாடி ஓடும் கன்டெய்னர் லாரிகள் மிகுதியாதலால், நெமிலிச்சேரிப் பக்கம் அச்சாலையில் ஏறும் சைக்கிளோட்டி இக்கம்பிக்குத் தப்புவது அரிது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் போவோருக்கு லேத் பட்டறைகளின் இரும்புச் சுருளும் உண்டு. 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது. எண்ணூறு ரூபாய் டயர், எட்டாயிரம் ரூபாய் டயர் என்று வேறுபாடு பாராது துளைக்கும் இக்கம்பியே அத்தீர்மானத்தை இங்கு எஞ்சி நின்று கடைப்பிடிக்கிறது.

மழைக்காலத்தில் இப்பகைகள் பெருகுவதற்குக் காரணம் உண்டு. ஈரமான ரப்பர் உலர்ந்த ரப்பரைவிட எளிதில் வெட்டுப்படும்; தேங்கிய நீர் கண்ணாடித் துண்டுகளைக் கண்ணுக்கு மறைக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சி.டி.எச். சாலையின் ஓரத்தை அறிந்தோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

சிவஞான சித்தியார் பிறர் கொள்கையைப் பரபக்கத்தில் மறுத்த பின்னரே தன் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுவதுபோல, இங்கும் மாற்றுக் கருத்துகளை முதலில் மறுப்பது முறை. அவற்றுள் தலையாயது, டயரின்மேல் பூவேலைபோல் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால்தான் ஈரத்தில் வழுக்காது என்னும் கொள்கை. பள்ளவாதிகள் எனத்தக்க இவர்கள், காருக்குப் பொருந்தும் நியாயத்தைச் சைக்கிளுக்கும் ஏற்றிக் கூறுகின்றனர். காரின் தட்டையான டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் புகுந்து, டயர் தரையைவிட்டு மிதக்கும் நிலை உண்மையில் உண்டு. அந்நீரை வெளியேற்றவே அங்கே பள்ளங்கள். ஆனால் மிதப்பு எந்த வேகத்தில் தொடங்கும் என்பதைக் காற்றழுத்தமே பெரிதும் தீர்மானிக்கிறது. விமானச் சக்கரங்களுக்காக நாசா ஆய்வாளர்கள் வகுத்த வாய்பாட்டை 80 பவுண்டு அழுத்தத்துக்குப் பொருத்தினால், மிதப்பதற்கு மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வேகம் தேவைப்படும். ஆவடி செக்போஸ்ட் சிக்னலில் அவ்வேகத்தை எட்டக்கூடிய சைக்கிளோட்டிக்கு டயர் ஆலோசனை தேவையில்லை. தார்ச்சாலையில் வழுவழுப்பான டயரே ரப்பரை மிகுதியாகத் தரையில் பதியச் செய்கிறது என்க.

ஒல்லியும் கடினமுமே வேகம் என்பார் கொள்கையும் நில்லாது. 23 மில்லிமீட்டர் டயரில் 120 பவுண்டு அடைத்து ஓட்டுவோர் கரடுமுரடான சாலையில் முன்னே செல்வதைவிட மேலே குதிப்பதே மிகுதி. உள்ளதில் தடிமனானதை வாங்குவோம் என்பாரை அவ்வளவு எளிதில் தள்ள இயலாது. அவர்கள் டயர் நெடுநாள் உழைக்கும். ஆனால் அவ்வுழைப்புக்காக அதில் இடப்படும் கடின ரப்பர், சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றாது. தேய்மானம் குறைந்தால் பிடிமானமும் குறையும் என்பதே இத்துறையின் மூலச்சிக்கல்.

சுபக்கமாவது: நடுப்பகுதியில் கடினமும் தோள்பகுதியில் மென்மையும் உடைய இருவகை ரப்பர்க் கலவை கொண்ட டயரே ஏற்றது, நேராகச் செல்லும்போது நடு தேயாது நிற்கும், திருப்பத்தில் சாயும்போது தோள் பற்றும். ரப்பருக்கு அடியில் அராமிட் போன்ற வலிய இழையால் நெய்த காப்புப் பட்டை இருத்தல் இன்றியமையாதது. அகலம் 28 மில்லிமீட்டர். பழைய பிரேம்களில் அது நுழையாவிடில் 25. பக்கவாட்டில் 700C என எழுதியிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. அப்பெயருடைய டயரில் எப்பகுதியும் 700 மில்லிமீட்டராக இருக்கவேண்டியதில்லை. நம்பத்தக்கது உடன் அச்சிட்டிருக்கும் 28-622 என்னும் எண். அதில் 622 என்பது ரிம்மில் டயர் அமரும் வட்டத்தின் விட்டம். நம் ஊர்ப் பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கு அவ்விட்டம் 635 ஆகும். சைக்கிள் செய்யும் டி.ஐ. நிறுவனம் 1949இலும் டன்லப் டயர் ஆலை 1959இலும் தொடங்கப்பெற்ற அம்பத்தூரின் அருகிலேயே வாழ்ந்தாலும், இந்த 13 மில்லிமீட்டர் வேறுபாட்டை எந்தக் கடைக்காரராலும் இழுத்துச் சரிக்கட்ட இயலாது. வால்வு பிரெஸ்டா வகையாயின், பஞ்சர் கடைப் பம்பு பொருந்துவதற்குரிய பித்தளை அடாப்டர் ஒன்றையும் பையில் வைத்திருத்தல் நலம்.

எடை மிகுதியால் பின்டயர் விரைந்து தேயும். முன்சக்கரம் கிளப்பிவிட்ட கம்பியும் பெரும்பாலும் அதிலேயே ஏறும். அதனால் பலரும் புது டயரைப் பின்னால் மாட்டுகின்றனர். இது பிழை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. முன்டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, புதியதை முன்சக்கரத்துக்கே மாட்டவேண்டும்.