வெந்நீர் எங்கலே?

ஏலே பேராண்டி, மார்கழிக் குளிர்ல திருநெவேலியிலருந்து ஹவுரா வரைக்கும் ரயிலேறி வந்த கிழவன், குளிக்க ஒரு வாளி வெந்நீர் கேட்டேன். நீ என்னடான்னா சூரியனையே டம்ளருக்குள்ள எறக்கப் போறேன்னு ராத்திரி பூரா கத சொல்லுத.

மொதக் கத: மின்சாரம் கடத்தாத ரெண்டு ஆக்சைடை ஒட்டுனா, ஒட்டுன எடத்துல மட்டும் மின்சாரம் ஓடுதாம். 2007-ல குளிரவச்சுப் பாத்தா தடையே இல்லாம ஓடிச்சாம், அதுக்குப் பேரு மீக்கடத்தலாம். இதுல என்னலே அதிசயம்? காலணா ஈயாத ரெண்டு கருமி சம்பந்தி ஆனா, பந்தியில நெய்யி ஓடத்தானே செய்யும்!

அடுத்து பல்லேடியம்னு ஒரு உலோகம். அது டியூட்டீரியம்ங்கிற கன ஹைட்ரஜனைக் குடிச்சா மைனஸ் 262 டிகிரியில மீக்கடத்தியாவுது. சரி. 1989 மார்ச் 23-ல யூட்டாவுல ஃப்ளைஷ்மனும் பான்ஸும் அதே பல்லேடியத்தைக் கனநீர்ல முக்கி, அணுக்கரு சேந்து சூடு வருதுன்னாங்க, அதான் குளிர் இணைவு. ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்ட. அவங்க பாத்திரம் நாம குளிக்குத தண்ணி சூட்டுல இருந்துச்சு, உன் மீக்கடத்தலோ ஒறஞ்சு கெடக்கு. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஊருலயே இல்ல, நீ தாம்பூலம் மாத்திட்ட.

அம்புட்டுச் சூடும் அணுக்கரு சேந்து வந்ததுன்னா, நியூட்ரான் கொட்டி பக்கத்துல நின்னவன் பரலோகம் போயிருக்கணும். ரெண்டு பேரும் நின்னு பேட்டியில்லா குடுத்தாங்க!

பம்பாய்ல பி.கே. ஐயங்கார் காலத்துல பாபா அணு ஆராய்ச்சி மையமும் அந்த வருசமே செஞ்சு பாத்து, அணுக்கரு சேந்ததுக்கு அடையாளமா ட்ரிட்டியம் தெரியுதுன்னு அறிக்கை போட்டுச்சு. அவரு பெரிய மனுசரு, பொக்ரான் குண்டுல பங்கு உள்ளவரு, கேலி பண்ண மாட்டேன். ஆனா உலகத்துல செஞ்சவங்களுக்கெல்லாம் ஒண்ணுபோல வரலியே.

மீக்கடத்தல் கதயும் இப்பிடித்தான். பெங்களூருல 2018-ல தங்கத்துக்குள்ள வெள்ளித்துகளை வச்சு, மைனஸ் 37-லயே மீக்கடத்தல்னாங்க. வேற வேற காந்தப்புலத்துல எடுத்த ரெண்டு வரைகோட்டுலயும் இரைச்சல் அச்சு அசலா ஒண்ணுபோல இருந்துச்சு. ரெண்டு வயல்ல ஒரே எடத்துல ஒரே களை மொளைக்குமாலே?

நேத்து இங்க ஹவுரா பெலிலியஸ் ரோட்டுல ஒரு வார்ப்படக்காரரைப் பாத்தேன். அச்சுமண்ணைக் கையில பிடிச்சு, ஒடச்சு, மோந்தும் பாத்தாரு. ஈரம் கூடுனா இரும்பு தெறிச்சு அவரு கண்ணுலதான் விழும். நீயும் ஊத்துததுக்கு முன்ன மண்ணைப் பிடிச்சுப் பாரு.

சிவபூர் தாவரவியல் தோட்டத்து ஆலமரத்தையும் பாத்தேன். தாய்த்தண்டை 1925-லயே எடுத்துட்டாங்களாம், விழுதுலயே ஊரளவு நிக்கி. உன் குளிர் இணைவும் இப்பிடித்தான் இருக்கு. சுத்திச் சுத்தி வந்தேன், நடுமரத்தைக் காணல.

செய்யி, வேண்டாம்கல. டம்ளர் சுட்டுச்சுன்னா மொத வாளி எனக்கு. அதுவரைக்கும் அந்த ஸ்டவ்வைப் பத்தவய்யி.