தொண்டை கட்டியவனுக்கு ஊரெல்லாம் வைத்தியர்

பயணம் போகும் பேச்சாளர்களுக்குச் சளி, இருமலுக்குக் கைகண்ட மருந்து ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரத்து எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஈரோட்டுப் பக்கம் ஓர் இலக்கிய விழா. எனக்குத் தந்த தலைப்பு ‘திரிகடுகம்’. ராத்திரி முழுக்க ஏ.சி. பஸ்ஸில் விறைத்து, கட்டின தொண்டையோடு போய் இறங்கினேன். “ஐயா, குரல் ஒரு மாதிரி இருக்குதுங்களே” என்று செயலாளர் கேட்டதுதான் தாமதம், மண்டபமே வைத்தியசாலை ஆகிவிட்டது.

சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார் ஒருவர். அது சூடு, அதிமதுரம்தான் சரி என்று பாய்ந்தார் அடுத்தவர். வால்மிளகை வெற்றிலையில் மடித்து மெல்லச் சொன்னார் பொருளாளர். பாலில் பனங்கற்கண்டு என்று ஒரு கட்சி. பால் கபத்தைக் கூட்டும் என்று எதிர்க்கட்சி. ஆடாதொடைக்கும் தூதுவளைக்கும் நடந்த சண்டையில் கற்பூரவல்லியைக் கேட்க ஆளில்லை. பெரியவர் ஒருவர் மட்டும் நிதானமாக, “தலைக்குக் குளிச்சீங்களா?” என்றார். இதற்கு என்ன பதில் சொல்லித் தப்பிப்பது? குளித்தேன் என்றால் அதனால்தான் சளி. குளிக்கவில்லை என்றாலும் அதனால்தான்.

ஜலதோஷம் தரும் வைரஸ்கள் 200க்கு மேல். ஆன்டிபயாடிக் எதுவும் அவற்றிடம் செல்லாது. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே கிளம்பிவிடும். நம் ஆட்களுக்கு அதுவரை பொறுமை ஏது?

நான் பேசப் போன திரிகடுகத்தையே பாருங்கள். நல்லாதனார் பாட்டுக்கு மூன்று கருத்தாக 100 பாட்டு எழுதி, சுக்கு, மிளகு, திப்பிலியின் பெயரை நூலுக்கு வைத்தார். அதில் ஒரு பாட்டை யாராவது கேட்டார்களா? திப்பிலியை வறுப்பதா, பச்சையாகவே இடிப்பதா என்றுதான் கடைசிவரை விவாதம்.

இத்தனை கரிசனமும் மேடைப் படி ஏறும்வரைதான். ஏறியதும் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ரோஜா மாலை. பிடரிக்கு நேராகப் பெடஸ்டல் ஃபேன். இருமினால் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் வருகிறது, “நல்லா கூலிங்கா இருக்குதுங்க” என்ற பெருமிதத்தோடு.

விழாக் குழுவினரே, மாலை வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். அந்தக் காசில் ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வெந்நீர் வையுங்கள். வழிச்செலவுக் கவரையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நான் சொல்ல வந்த கைகண்ட மருந்து அதுதான். பாதி இருமல் அதிலேயே நின்றுவிடும்.