தோல்திணையியல்: மாஞ்சோலையை முன்வைத்து ஓர் ஆய்வு

முகங்கள் நான்கு வகை என்பது அழகுசாதனக் கடைக்காரர்களின் துணிபு. வறண்டது, எண்ணெய் வடிவது, இரண்டும் கலந்தது, தொட்டால் சிணுங்குவது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாகுபாட்டைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஹெலினா ரூபின்ஸ்டைன் என்ற வணிகப் பெருமாட்டி. பின்னாளில் அமெரிக்கத் தோல் மருத்துவர் லெஸ்லி பௌமன் அதை 16 ஆகப் பெருக்கினார். இவ்விருவரும் மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டி மாஞ்சோலைக்கு மலையேறியதற்குச் சான்று இல்லை. ஏறியிருந்தால், தோலின் வகை ஆளிடம் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்ற உண்மை அவர்களுக்குப் பாதி வழியிலேயே விளங்கியிருக்கும்.

நிலத்தைக் கொண்டு மனத்தை வகுத்தவர் தொல்காப்பியர். மனத்துக்குப் பொருந்துவது மேல்தோலுக்குப் பொருந்தாதா என்பதே இவ்வாய்வின் வினா. இடமும் பொழுதும் முதற்பொருள். களிம்பும் எண்ணெயும் கருப்பொருள். உரிப்பொருள் யாதெனின், உரிகிற தோல்.

மருதத்திலிருந்து தொடங்குவோம், பேருந்து அங்கிருந்துதான் புறப்படுகிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தாமிரபரணிக் கால்வாய் பாயும் வயல்கள். இங்கே காலை பத்து மணிக்கே மூக்கு பளபளக்கும். பளபளப்பைக் கண்டு, ‘எனக்கெதற்கு ஈரப்பதக் களிம்பு?’ என்பார் பலர். அவரை மறுத்துரைக்க வேண்டியுள்ளது. மூக்கில் மின்னுவது எண்ணெய், தோல் கேட்பதோ தண்ணீர். எண்ணெய் வழியும் முகமும் உள்ளே தண்ணீருக்குத் தவிக்கக்கூடும். அதற்கு ஏற்றது கிளிசரினோ ஹயலூரானிக் அமிலமோ கலந்த, நீர்போல் இலகுவான ஜெல். இந்த அமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக்கண்ணின் உட்கூழிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் நுண்ணுயிரிகளை வளர்த்தே எடுக்கிறார்கள் என்பதால் சுத்த சைவர்கள் கலங்க வேண்டியதில்லை. கலங்க வேண்டியவர்கள் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் பருக்காரர்கள். அது துளையை அடைக்கும் என்று சொன்னால் ஆச்சிமார் சண்டைக்கு வருகிறார்கள், ஆயினும் ஆய்வு அறம் பேசத்தான் வேண்டும்.

முல்லை மணிமுத்தாறு அடிவாரக் காடு. லோஷன் போதும். முல்லைக்கு உரியது இருத்தல், தோலும் அங்கே பெரும்பாலும் சும்மா இருக்கிறது.

இனிக் குறிஞ்சி. ஆயிரம் மீட்டருக்கு மேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம், அதற்கும் அப்பால் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகத்து மழைப் பட்டியலின் தலையில் ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி வந்து உட்காரும். அற்றேல், இத்தனை மழை பெய்யும் இடத்தில் உதடு வெடிப்பதும் கை சொரசொரப்பதும் எங்ஙனம் எனின், கூறுதும்.

38 டிகிரி வெயிலில், 35 சதவீத ஈரப்பதத்தில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒருவர் நிற்கிறார் என்று கொள்க. அவரைச் சூழ்ந்த ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 16 கிராம் நீராவி இருக்கும். 12 டிகிரிக் குளிரில், மூடுபனி கண்ணை மறைக்க, நூறு சதவீத ஈரப்பதத்தில் நாலுமுக்கில் ஒருவர் நிற்கிறார் என்றும் கொள்க. அவரைச் சூழ்ந்த காற்றிலோ 11 கிராம்கூடத் தேறாது. குளிர்ந்த காற்றுக்குக் கொள்ளளவே அவ்வளவுதான். அந்தக் காற்று அடுப்படியில் 30 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். பனி சூழ்ந்த, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குள் அடுப்போரம் குளிர்காய்கிறவர் ஒரு சிறு பாலையில் உட்கார்ந்திருக்கிறார். இதுவும் போதாதென்று மழையே தோலைக் கழுவிக்கொண்டு போகிறது. மேல்தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் அமினோ அமிலங்களும் யூரியாவும் நீரில் கரைபவை. நாளெல்லாம் நனைந்த கை, மாலையில் காயும்போது முன்னிலும் வறண்டே காயும். பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு இதை நிறுவிக் காட்ட வேண்டியதில்லை.

எனவே குறிஞ்சித் தோலுக்கு மேலும் தண்ணீரைக் கொடுப்பதில் பயனில்லை, இருக்கிற தண்ணீருக்குக் கதவடைக்க வேண்டும். குளித்த ஈரம் காயுமுன் பூச வேண்டும், பூசுவது கெட்டியாக இருக்க வேண்டும். கதவடைப்பதில் பெட்ரோலிய ஜெல்லியை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவின் ராபர்ட் செஸ்ப்ரோ எண்ணெய்க் கிணற்றுக் கம்பிகளில் படிந்த மெழுகுப் பிசினைச் சுத்தம் செய்து 1872இல் காப்புரிமை பெற்றார். தினம் ஒரு கரண்டி தின்றதாகவும் சொல்வார்கள். மாஞ்சோலையில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

இங்கே காலக்கணிப்பு ஒன்று. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,373 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அதே 1929இல் கல்கத்தாவில் கௌர் மோகன் தத்தா போரோலின் என்ற களிம்பைக் கொண்டுவந்தார். தோட்டம் பிறந்த ஆண்டிலேயே தோட்டத்துக் கைகளுக்கு மருந்தும் பிறந்தது தற்செயல் ஆகாது என்பது எம் துணிபு. ஆதாரம் இல்லை. ஆனால் இதைவிடக் குறைந்த ஆதாரத்துக்கெல்லாம் முனைவர் பட்டம் வழங்கப்பட்டிருக்கிறது. போரோலினில் லானோலின் உண்டு, லானோலின் ஆட்டுரோமத்துக் கொழுப்பு. கொழுந்து பறித்தவர்கள் மழைக்குப் போர்த்தியது கம்பளி. ஆக உடுத்தாலும் பூசினாலும் மலையில் மனிதனைக் காப்பது ஆடு.

குறிஞ்சியின் கருப்பொருளில் விலங்கு அட்டை. உப்போ புகையிலையோ காலில் தேய்த்தால் அது அண்டாது, ஆனால் உப்பு தோலின் ஈரத்தையும் உறிஞ்சும். அட்டைக்கு ஆகாத, தோலுக்கு ஆகிற களிம்பு எது என்று ஊத்து எஸ்டேட்டில் பல காலம் கொழுந்து பறித்த ஆச்சி ஒருவரிடம் கேட்டோம்.

“காலுக்குக் கிரீமா? ஏன் தம்பி, அட்டைக்கு நெய் ஊத்திச் சோறு போடவா?” என்றார்.

இத்துறையில் மேலாய்வு தேவை.

நெய்தலைச் சுருக்கமாகச் சொல்லலாம். மணப்பாட்டுக் கடற்காற்று ஈரமானது என்று நம்பி, உப்பைக் கழுவாமலும் பிறகு எதையும் பூசாமலும் இருப்பவர், அத்திணைக்குரிய இரங்கலை அடைவார்.

பாலைக்கு வருவோம், ஆய்வின் உயிர்நிலை இதுதான். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்றார் இளங்கோவடிகள். ‘வறண்ட சருமம்’ என்று குப்பியில் அச்சடித்து விற்பவர்கள் சிலப்பதிகாரம் படித்திருந்தால் இதைத் தனி வகையாக எண்ணியிருக்க மாட்டார்கள். பிறவியிலேயே எண்ணெய் குறைந்த தோல் சிலருக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோல் வறண்டது என்று கடைக்கு வருகிறவர்களில் பலரின் தோல் வறட்சிக்கு ஆளானதே தவிர, வறண்ட வகையைச் சேர்ந்ததல்ல. ஏ.சி. அறை, சுடுநீர்க் குளியல், காரமான சோப்பு, கத்திரி வெயில் ஆகியவை எந்தத் திணையையும் பாலையாக்கும். முதலில் சோப்பை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு பணப்பையைத் திறக்கலாம். குதிகால் வெடிப்புக்கு மட்டும் உடனே திறக்கலாம். அதற்குப் பித்தவெடிப்பு என்று பெயர் வைத்துப் பித்தத்தின்மேல் பழி போட்டது போதும், 10 சதவீத யூரியாக் களிம்பு கேட்டு வாங்குக.

முதற்பொருள் மாறினால் எல்லாம் மாறும் என்பதற்கு மலையே சாட்சி. குத்தகை 2028 வரை இருந்தும் 2024இல் நிறுவனம் தோட்ட வேலையை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாகக் குளிரில் வளர்ந்த குடும்பங்கள் சமவெளிக்கு இறங்க நேர்ந்தது. மலையில் வெடித்த தோல் கீழே வியர்க்கிறது, வியர்க்குரு போடுகிறது. அவர்களுக்குக் கெட்டிக் களிம்பை நிறுத்திவிட்டு ஜெல்லுக்கு மாறச் சொல்ல இவ்வாய்வால் முடியும். அதற்கு மேல் அவர்களுக்கு நேர்ந்த எதற்கும் கடையில் குப்பி கிடையாது.

நெற்றியும் மூக்கும் மருதம், கன்னம் பாலை என்று ஒரே முகத்தில் இருநிலம் அமைவது திணைமயக்கம். கடைக்காரர் இதைக் கலப்புத் தோல் என்பார், இரண்டு குப்பி வாங்கச் சொல்வார். இலகுவான ஒன்றை முகம் முழுக்கத் தடவி, கன்னத்தில் மட்டும் இன்னொரு கை கூடுதலாகத் தடவுவது மயக்கத்தைத் தெளிவிக்கும், செலவையும் குறைக்கும்.

ஐந்திணைக்கு வெளியே இரண்டு உள. முதலாவது கைக்கிளை. நீங்கள் களிம்பை விரும்புகிறீர்கள், தோல் விரும்பவில்லை. சிவக்கும், அரிக்கும், எரியும். ரோஜா மணத்தையும் சந்தன மணத்தையும் நம்பிய ஒருதலைக் காதலின் விளைவு இது. மணம் சேர்க்காததை வாங்கி, முழங்கையின் உள்மடிப்பில் சில நாள் தடவிப் பார்த்து, சம்மதம் தெரிந்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது பெருந்திணை, பொருந்தாக் காமம். சீரத்தின்மேல் சீரம், அதன்மேல் ஜெல், அதன்மேல் கிரீம், அதன்மேல் பவுடர் பூசி, சித்திரை வெயிலில் அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்பவர்கள் இத்திணைக்கு உரியர். அன்னோரை வகைப்படுத்த முகத்தைப் பார்க்க முயன்றோம். முகம் தட்டுப்படவில்லை.